ஓடைக்கு மேலே யார்?

"அம்மா, குளத்துக் கெண்டையெல்லாம் செத்து மிதக்குதுங்க!"

வையாபுரிக்கு மூச்சு வாங்கியது. மீனுக்குப் போட எடுத்துப்போன பொரி அப்படியே மடியில் இருந்தது.

செங்கமலத்தம்மா அந்த மடத்தின் குரு. சீடர் வையாபுரியைவிட வயதில் இளையவர். வையாபுரி துறவியாக வந்தபோது வீடு, தறி, தோட்டம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தார். கோபத்தை மட்டும் கையோடு கொண்டுவந்துவிட்டார்.

"எதனால செத்துது?" என்று அம்மா கேட்டார்.

"குளத்துக்கு வர்ற ஓடைத் தண்ணி கெட்டுப் போச்சுங்க. அந்த அழுக்கைத் தின்னே ஆகாயத்தாமரை குளத்தை மூடிக்கிடுச்சு. அடியில மீனுக்கு மூச்சுக்காத்து இல்லை. நானும் அள்ளி அள்ளிப் போடறேன், அது பாட்டுக்கு வளருது. மேல எவனோ வாய்க்கால் வெட்டிக் கழிவை ஓடையில விடறான்."

கடப்பாரையைத் தோளில் தூக்கினார்.

"அந்த வாய்க்காலை அடைக்காம மடத்துக்குள்ள கால் வைக்க மாட்டேன்."

"சொன்னபடி செய்யுங்க," என்றார் அம்மா.

ஓடையோரமாக மேலே நடந்தார். முதலில் கோழிப்பண்ணை. கழுவிவிட்ட எச்சம் வாய்க்கால் வழியே ஓடையில் விழுந்தது. கடப்பாரையை ஓங்கினார்.

பண்ணைக்காரர் பதறவில்லை.

"சாமி, எங்க கிணத்தை எட்டிப் பாருங்க. பச்சைப் பசேல்னு கிடக்குது. மேல தோட்டக்காரர் பண்ற வேலை. அவரை முதல்ல அடைக்கச் சொல்லுங்க, மறு நிமிசம் நானும் அடைச்சுடறேன்."

நியாயமாகத்தான் பட்டது. மேலே நடந்தார்.

தோட்டத்தில் யூரியா கரைந்த மிச்சத் தண்ணீர் ஓடைக்கு வடிந்துகொண்டிருந்தது.

"நான் ஒருத்தன் அடைச்சா ஓடை சுத்தமாயிடுமாங்க?" என்றார் தோட்டக்காரர். "கீழ பண்ணைக்காரர் அடைக்கட்டும். நானும் அடைக்கறேன்."

இதுவும் நியாயமாகத்தான் பட்டது. அதுதான் வையாபுரிக்கு எரிச்சலாக இருந்தது.

அதற்கும் மேலே போனார். அங்கே ஆளே இல்லை. பாறை இடுக்கில் ஊற்று கசிந்தது. தண்ணீருக்கடியில் நண்டு நடப்பது தெரிந்தது. குனிந்து இரண்டு கை அள்ளிக் குடித்தார். குளத்தை நினைத்ததும் அழுகை வந்துவிட்டது.

திரும்பி வந்தபோது அம்மா வாசல் கதவருகே நின்றிருந்தார்.

"அடைச்சிட்டீங்களா?"

"இல்லைங்க. மேல இருக்கறவர் கீழ கையைக் காட்டறார். கீழ இருக்கறவர் மேல கையைக் காட்டறார்."

அம்மா கதவைச் சாத்தினார்.

வையாபுரி வெளியிலேயே உட்கார்ந்தார். சொன்ன சொல்லை மீறுகிற ஆள் இல்லை அவர். நாளைக்கு மறுபடியும் போவது, அடைக்காமல் திரும்புவதில்லை என்று முடிவு கட்டினார்.

அப்போது ஓடையின் கீழ்ப்பக்கமிருந்து ஒரு பெண் வேகவேகமாக ஏறி வந்தாள். சேலையை இழுத்துச் செருகியிருந்தாள். கையில் ஒரு முறம். முறத்தில் செத்த அயிரை மீன்கள். தோளில் மண்வெட்டி.

"ஏனுங்க சாமி, ஓடையில நுரை நுரையா வருதுங்க. எங்க மாடு மோந்து பார்த்துட்டுத் திரும்பிக்குது. சோப்புத் தண்ணி விடறது யாருன்னு பார்த்து அடைக்காம நான் வீட்டுக்குப் போறதில்லை. எங்களுக்கு மேல யாருங்க இருக்கறது?"

வையாபுரி வாயைத் திறந்தார். மேலே காட்டக் கையும் எழுந்தது.

மடத்துச் சமையற்கட்டில் பாத்திரம் கழுவுகிற சோப்புத் தண்ணீர் குளத்தில் கலந்துவிடக் கூடாதென்று, குளத்தைத் தாண்டி ஓடையில் விழும்படி வாய்க்கால் வெட்டியவர் அவர்தான். தூரமாக விட்டாயிற்று என்று அன்று சந்தோஷப்பட்டவரும் அவர்தான்.

கை இறங்கியது.

"நான்தான் தாயி," என்றார்.

கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினார்.

"அம்மா, வாய்க்காலை அடைக்கோணும்."

"அடைக்காம உள்ள வர மாட்டேன்னீங்களே," என்றது உள்ளிருந்து குரல்.

"வாய்க்கால் உள்ளதானுங்க இருக்குது."

கதவு திறந்தது.