லிஃப்டை இழுத்த சக்கர் மீன்

கொளத்தூர்ல வண்ண மீன் விக்கிற தெருவுல எனக்கும் ஒரு கடை இருக்கு. என் பேரு சற்குணம். வியாபாரத்துல நானும் கொஞ்சம் அப்படி இப்படி பேசுவேன், இல்லன்னு சொல்லல. ஆனா லிஃப்ட் மெக்கானிக் தணிகாசலம் அண்ணன் பக்கத்துல நின்னா நான் பச்சப்புள்ள.

போன ஞாயித்துக்கிழமை அண்ணன் ஒரு பெயிண்ட் வாளியத் தூக்கிட்டு வந்தாரு. உள்ள முழங்கை நீளத்துக்கு ஒரு சக்கர் மீன். கண்ணாடியில வாய ஒட்டிக்கிட்டு பாசி திங்குமே, அதான். விரல் நீளத்துல என்கிட்ட வாங்கினது. இப்ப வளந்துட்டு, பாசிய விட்டுட்டு, அண்ணியோட கோல்டு ஃபிஷ் முதுகுல ஒட்டிக்கிட்டு உறிஞ்சுதாம். கோல்டு ஃபிஷ் அண்ணிக்கு உசுரு. "சாயங்காலத்துக்குள்ள அது வெளிய போவணும், இல்ல நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்"னு சொல்லிட்டாங்களாம்.

"நீயே வெச்சிக்கோ சற்குணம்."

"வளந்த சக்கர யாருண்ணா வாங்குவா?"

"அப்ப ஏரியில விட்டுடறேன்."

"ஐயோ, அந்தப் பாவம் வேணாம். ஏரியில இருக்கிற மத்த மீனோட முட்டையெல்லாம் தின்னு தீத்துடும். பெரிய தொட்டி வெச்சிருக்கிறவங்க யாராச்சும் வருவாங்க, உக்காருங்க."

சொல்லி வாய மூடல, பிலோமினா அக்கா வந்தாங்க. வில்லிவாக்கத்துல மெஸ் நடத்துறாங்க. சாப்பிடற ஹால்ல ஆறடித் தொட்டி, அதுல நாலு ஆஸ்கர் மீனு. அதுங்களுக்குத் துணையா ஒரு சக்கர் வேணுமாம்.

"சின்னது போட்டா ஆஸ்கர் லபக்குனு முழுங்கிடும்க்கா. நல்லா வளந்ததா, முரட்டுத் தோலா இருக்கணும்"னு சொல்லி நான் வாளிய காட்டினேன். அவங்க தொட்டிக்கும் இந்த மீனுக்கும் அளவெடுத்து தச்ச மாதிரி பொருத்தம். அத்தோட அண்ணன் வாய மூடிட்டு இருந்திருக்கலாம்.

"தங்கச்சி, இது சாதாரண மீனு இல்ல. கண்ணாடிய இது தொடச்ச தொடப்புல, தொட்டிக்குக் கண்ணாடி இருக்கிறதே தெரியாது. எதிர்வீட்டுப் பூனை மீனப் புடிக்கப் பாஞ்சு, மூக்கு சப்பையாப் போச்சு. இப்பவும் மூச்சு வாயாலதான் விடுது."

"அடப்பாவமே!"ன்னாங்க அக்கா.

"தண்ணி டேங்க்ல ஒரு நாள் இறக்கி விட்டேன். ஃபிளாட்ல முப்பது வீடும் கேன் தண்ணிய நிறுத்திட்டாங்க. கேன் போடறவன் வந்து என் கால்ல விழுந்து அழுவுறான்."

"அண்ணா, போதும்"னு காதோரமா சொன்னேன். கேட்டாதானே?

"மத்த மீனோட சண்ட போடுமா?"ன்னு அக்கா கேட்டாங்க. நல்ல கேள்விதான். ஆஸ்கரோட ஒத்துப்போவும்னு சொன்னா முடிஞ்சிது வேலை.

"சண்டையா? பஞ்சாயத்தே இதுதான் பண்ணும்! எவன் வாலாட்டினாலும் அவன் வாலக் கவ்விக்கும், மன்னிப்பு கேட்டாத்தான் விடும். இப்ப தீனி போட்டா எங்க வீட்டு மீனுங்க ரேஷன் கடை மாதிரி வரிசையில நிக்குதுங்க."

"மீனு மன்னிப்பு கேட்டது உங்களுக்கு எப்படிண்ணா தெரியும்?"னேன்.

"தண்ணிக்கு மேல வந்து வாயத் தொறந்து மூடுதே, பின்ன எதுக்காம்?"

அக்கா தலைய ஆட்டினதும் அண்ணனுக்கு வேகம் பிடிச்சிடுச்சு. "லிஃப்ட் கதைய கேளு. மூணாவது மாடிக்கும் நாலாவதுக்கும் நடுவுல மாட்டிக்கிச்சு, உள்ள ஆறு பேரு. கரண்ட் இல்ல. இது இடுப்புல கயித்தக் கட்டி சுவத்துல விட்டேன். பச்சக், பச்சக்னு ஒட்டி ஒட்டி ஏறுச்சு பாரு, ஆறு பேரையும் மொட்டமாடி வரைக்கும் இழுத்துடுச்சு!"

"நாலாவதுல நிறுத்த வேண்டியதுதானே?"

"அதுக்கு எண்ணத் தெரியாதுல்ல சற்குணம்! மீனுதானே, நியாயமாப் பேசு."

நான் பேச்ச மாத்தப் பாத்தேன். அவரு விடுவாரா? "மழையில எங்க தெரு முழுக்கத் தண்ணி. இது ஒரே உறிஞ்சு. தெரு காஞ்சிடுச்சு. அத்தன தண்ணியையும் வாயில அடக்கிக்கிட்டு, ஆட்டோல உக்காந்து ஏரி வரைக்கும் வந்து துப்பிட்டுத்தான் வீட்டுக்கு வந்துச்சு. ஏரி எப்படி ரொம்புச்சுன்னு நெனச்சீங்க?"

பிலோமினா அக்கா எழுந்துட்டாங்க. "வேணாம்ண்ணா. இவ்ளோ பெரிய கைய எங்க மெஸ்ல வெச்சு என்னால மேய்க்க முடியாது. எனக்கு அடக்கமா ஒண்ணு போதும்."

அண்ணன் மூஞ்சி வெளுத்துடுச்சு. மணி நாலு. பொண்டாட்டி பெட்டி கட்டிட்டிருப்பாங்கன்னு பயம். பொறந்ததுலேர்ந்து பண்ணாத ஒண்ண அப்பத்தான் பண்ணாரு. உண்மையச் சொன்னாரு.

"தங்கச்சி, சத்தியமா அது ஒண்ணும் பண்ணாதும்மா! பகல் பூரா மூலையில கல்லு மாதிரி கெடக்கும். வெள்ளரிக்காத் துண்டு போட்டா திங்கும், தின்னதுக்கு மேல கழியும். கண்ணாடியத் தொடைக்கிறதே நான்தான். ஒண்ணுக்கும் லாயக்கில்லாத சோம்பேறி, நம்பு!"

அக்காவுக்கு வந்துச்சு பாருங்க கோவம். கண்ணே கலங்கிடுச்சு.

"ஏண்ணா, ஆறு பேர லிஃப்டோட இழுத்த ஜீவன்! வேலைய வாங்கிக்கிட்டு, வெளிய தள்ளும்போது சோம்பேறின்னு வாய் கூசாம பழி போடறீங்களே, நல்லா இருப்பீங்களா? இனி ஒரு நிமிஷம் உங்ககிட்ட இருக்கக் கூடாது அது. குடுங்க அந்த வாளிய!"