சுவரில் ஆடிய புள்ளிகள்

குருவுக்கு வயது இருபத்தெட்டு. சீடருக்கு ஐம்பத்தொன்பது. பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற அறவாழி, சாலிகிராமத்து அனிமேஷன் கூடத்தில் நஸ்ரீனிடம் கைகட்டி நின்று கற்றுக்கொண்டார். அதில் அவருக்குக் கூச்சமே கிடையாது.

இரண்டு வருடம் மாய்ந்து மாய்ந்து மூன்று நிமிடப் படம் ஒன்று செய்திருந்தார். மழையில் செத்துக் கிடப்பதாக எல்லோரும் நினைக்கும் காகம், கடைசியில் கண்ணைத் திறக்கும். அவ்வளவுதான் கதை. அந்த மூன்று நிமிடத்துக்கான நாலாயிரத்துச் சொச்சம் படங்களையும் கணினி வரைந்து முடித்துவிட்டது. அவற்றை வீடியோவாகச் சுருக்கி, மாலை ஐந்துக்குள் திரைப்பட விழாவுக்கு அனுப்ப வேண்டும். கோப்பு இருநூறு மெகாபைட்டுக்கு மேல் போனால் வாங்க மாட்டார்கள்.

மூன்று மணிக்குச் சுருக்கினார். அளவு சரியாகத்தான் வந்தது. ஆனால் காகத்தின் கண் கட்டம் கட்டமாக உடைந்து, திறந்ததா மூடியதா என்றே தெரியவில்லை.

“மேடம், இந்த மெஷின் என் காகத்தைக் கொன்னுடுச்சு.”

நஸ்ரீன் நாற்காலியைத் திருப்பி, திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். “நான் பார்க்க மாட்டேன். நாலாயிரமாவது படத்துல என்ன இருக்கு, சொல்லுங்க சார்.”

“சுவர். அதுக்குக் கீழ காகம். கண்ணு மூடியிருக்கு.”

“அடுத்த படம்?”

“அதேதான். கண்ணு மட்டும் லேசா திறக்குது.”

“வேற எதுவும் மாறலையா? நல்லாப் பாருங்க.”

பார்த்தார். சுவர் உயிரோட்டமாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு படத்திலும் அவரே புதிது புதிதாகத் தூவிய புள்ளிகள்.

“புள்ளிங்க இடம் மாறியிருக்கு.”

“அதையும் சொல்லுங்க. ஒண்ணு விடாம.”

“இடது மூலையில ஒண்ணு கீழ எறங்கியிருக்கு. பக்கத்துல ஒண்ணைக் காணோம். அதுக்குக் கீழ...”

பதினோராவது புள்ளியில் வாய் ஓய்ந்தது. காகம் எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

“மெஷினும் இப்படித்தான் சார், முந்தின படத்துலேர்ந்து மாறினதை மட்டும்தான் எழுதி வைக்கும்; இருக்கிற இடத்தையெல்லாம் புள்ளியே தின்னுட்டா கண்ணுக்கு என்ன மிஞ்சும்?” என்றார் நஸ்ரீன். அறவாழியே மவுஸைப் பிடித்தார். தனி அடுக்கில் இருந்த புள்ளிகளை அணைத்துவிட்டு, மறுபடியும் சுருக்கினார். அளவு அதேதான். காகம் கண்ணைத் திறந்தது. கருவிழியில் ஒரு மழைத்துளிகூடத் தெரிந்தது.

நாலு நாற்பதுக்குப் படம் விழாவுக்குப் போய்ச் சேர்ந்தது. அறவாழி எழுந்து நின்று தனக்குத்தானே கைதட்டிக்கொண்டார். கூடமே திரும்பிப் பார்த்து, எதற்கென்று தெரியாமலே சேர்ந்து தட்டியது. சந்தோஷம் தாங்காமல் அவர் படத்தை மூன்று முறை ஓட்டிப் பார்த்தார்.

பிறகுதான் ஒரு உறுத்தல் வந்தது. “இருந்தாலும் மேடம், சுவர் செத்த மாதிரி ஆயிடுச்சோ?”

“மூணு தடவை பார்த்தீங்களே சார். ஒரு தடவையாவது சுவரைப் பார்த்தீங்களா?”