பசிக்காதவரின் கஞ்சி

கம்பும் கம்பும் மோதும் ஓசை. ஞானசிகாமணி சிறுபிள்ளையாய் இருந்தபோது, விடிகிற நேரத்தில் சிலம்பக் களத்திலிருந்து அது அவர் வீடுவரை கேட்கும். ஓசை ஓய்ந்ததும் பையன்கள் "பசிக்குது, பசிக்குது" என்று கத்திக்கொண்டே தெருவில் ஓடுவார்கள்.

மனைவி அமிர்தம் இறந்த பிறகு அவருக்குப் பசி என்பதே அற்றுப்போயிற்று. சட்டை தோளில் நிற்கவில்லை. உடம்பில் ஒரு நோயும் இல்லை என்றார் வைத்தியர். அப்போதுதான் அந்த ஓசை நினைவுக்கு வந்தது. அறுபது வயதில் களத்துக்குப் போய், தன்னைவிட மிகவும் இளையவரான ஆசான் முத்துநாச்சியின் முன் கம்பை வைத்து வணங்கினார்.

அங்கே கம்பைத் தொடுமுன் எல்லாரும் ஒரு கிண்ணம் கஞ்சி குடிக்க வேண்டும். அவர் மட்டும் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தார். கஞ்சி வாசம் பட்டால் அமிர்தத்தின் நினைவு வரும். மற்றவர்கள் குடித்து முடிக்கும்வரை வேலியோரம் முதுகு காட்டி நிற்பார்.

"அண்ணாச்சி காத்தக் குடிச்சே கம்பு சுத்துவாரு" என்றாள் கோமு, கூடப் பயில்கிறவள்.

"பலமா அடிச்சா அந்தக் காத்தே ஆளத் தூக்கிட்டுப் போயிரும்" என்றான் இன்னொருவன்.

ஆசான் கம்பை எடுத்துக்கொண்டு களத்தில் இறங்கினார்.

ஒரு மாதம் போயிற்று. பசி வரவில்லை.

"ஆசானே, வெறும் வயித்துல சுத்துனா உடம்பு தன்னையே எரிச்சுக்கிடும், பசி தானா வந்துரும்னு நெனச்சேன். சாப்பிட்டுட்டுச் சுத்துனாத்தான் மத்தியானச் சோறும் சீக்கிரம் செரிச்சுப் பசிக்கும்னு மத்தவங்க சொல்லுதாங்க. எது சரி?"

"கம்ப எடுங்க. ஒரு கை போடுவோம்."

மூன்றாவது வீச்சில் ஆசானின் கம்பு நழுவியது. கையை ஊன்றித் தரையில் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது.

கோமு ஓடி வந்தாள். "எல்லாம் ஒங்களாலதான் அண்ணாச்சி! கடைசி ஆள் குடிச்ச பொறவுதான் ஆசான் குடிக்கணும். அது இந்தக் களத்து வழக்கம். நீங்க வந்ததுலேருந்து காலையில அவங்க பட்டினி."

"யாரும் சொல்லலையே!"

"ஆசான்தான் சொல்லக்கூடாதுன்னுட்டாங்க."

ஞானசிகாமணி கிண்ணத்தை நிமிர்த்தினார். கோமு கஞ்சியை ஊற்றினாள். அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எனக்குப் பசிக்கலையேம்மா."

"இத்தன வருசமும் பசிச்சா சாப்பிட்டீங்க?" என்றார் ஆசான். "அமிர்தம் மதினி கூப்பிட்டாங்க. சாப்பிட்டீங்க."

ஞானசிகாமணி கிண்ணத்தை இரு கையாலும் ஏந்தினார். பிறகு குடித்தார். அவருக்குப் பின் ஆசான் குடித்தார்.

பசி அவருக்குத் திரும்பி வரவேயில்லை. அடுத்த ஆடியில் இறந்துபோனார். அதுவரை ஒரு காலையிலும் ஆசானைக் காக்க வைக்கவில்லை.