அரக்கு முத்திரை இட்ட சந்தைச் செய்தி

“அம்மையே, ஊரறிந்த செய்தியை அவையோர் மதிப்பதில்லை. மதிக்கச் செய்வது எப்படி?”

கேட்டவன் ஆதிச்சன். மணற்கோட்டை அரசின் செய்திச் சாலைக்குத் தலைவன். அகவை அறுபத்திரண்டு.

கேட்கப்பட்டவர் ஆற்றுத்துறை மடத்தின் தலைவி திருநிலை அம்மையார். அவனைவிடப் பதினெட்டு ஆண்டு இளையவர். ஆயினும் பதினோர் ஆண்டுகளாக அவன் அவரையே ஆசானாகக் கொண்டிருந்தான்.

காலை நேரம். படகிலிருந்து இறங்கியவர்களும் ஏறப்போகிறவர்களும் கலயங்களுடன் வரிசையாக நின்றனர். அம்மையார் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார்.

“உள்ளே சென்று பேசலாமா?” என்றான் ஆதிச்சன்.

“கஞ்சி இங்கே இருக்கிறது,” என்றார் அம்மையார்.

அவன் அங்கேயே நின்றான்.

“ஒற்றர்களைப் போல் நாங்கள் சுவரேறிக் குதிப்பதில்லை. பக்கத்து ஊர்களில் பறையறைந்து சொல்வதைக் கேட்கிறோம். பலகையில் எழுதுவதைப் படிக்கிறோம். துறைக்கு எத்தனை படகு வந்தது, எந்தச் சரக்கு திடீரென்று கிடைக்காமல் போயிற்று, எவர் வீட்டுத் திருமணம் தள்ளிப்போயிற்று என்று பார்க்கிறோம். ஒன்றோடொன்று சேர்த்துப் படித்தால், அந்த ஊர் நாளை என்ன செய்யும் என்பது தெரிந்துவிடும்.”

“எத்தனை பேர்?”

“நாற்பது பேர். நானே பழக்கியவர்கள். எங்கே கண்டது, எந்நாள் கண்டது, யார் கண்டது என்று ஒவ்வோர் ஓலையிலும் எழுத வேண்டும். ஐயமுள்ளவர் நேரில் போய்ச் சரிபார்க்கலாம்.”

“நல்ல முறை.”

“அவையில் எங்களுக்குச் சந்தைக்காதுகள் என்று பெயர், அம்மையே. ‘இது என் வீட்டுக்கு வரும் கீரைக்காரிக்கே தெரியுமே’ என்கிறார் படைத்தலைவர். சொல்லிவிட்டு எங்கள் ஓலையால் விசிறிக்கொள்கிறார்.”

வரிசையில் ஒருவர் சிரித்தார். ஆதிச்சன் திரும்பிப் பார்த்தான். சிரித்தவர் கலயத்தைப் பார்த்துக்கொண்டார்.

“ஒற்றர் ஓலை மூங்கில் குழலில் வரும். மேலே சிவப்பு அரக்கு முத்திரை இருக்கும். அதை எழுந்து நின்று வாங்குகிறார்கள்.”

“உம் சொல்லை ஒருமுறையேனும் கேட்டதில்லையா?”

“ஒருமுறை கேட்டார்கள்.”

“அன்று என்ன செய்தீர்?”

ஆதிச்சன் மேலாடையைச் சரிசெய்தான்.

“பங்குனியில் நடந்தது. மேலாற்றில் உள்ள காவூரார், தங்கள் பெருமதகைப் பழுதுபார்க்க ஒரு மாதம் முன்னதாகவே அடைக்கப்போவதாக அறிவித்தார்கள். என் ஆள் பலகையில் படித்து வந்தான். அடைத்தால் எங்கள் வயலுக்கு நீர் இல்லை. பயிர் கதிர்விடும் தறுவாயில் இருந்தது.”

“அவையில் சொன்னீரா?”

“சொல்லியிருந்தால் விசிறியிருப்பார்கள்.”

“ஆகையால்?”

அவன் தணிந்த குரலில் ஏதோ சொன்னான்.

“காதில் விழவில்லை,” என்றார் அம்மையார்.

“குழலில் இட்டேன் என்றேன். அரக்கு முத்திரை வைத்தேன். ‘மதகுக்கு அணுக்கமான ஒருவர் மறைவாகத் தெரிவித்தது’ என்று மேலே எழுதினேன்.”

“உடனே எழுந்து நின்றார்களா?”

“நின்றார்கள். ஊரே திரண்டு ஆற்றிலிருந்து ஏரிக்கு நீர் திருப்பியது. எட்டே நாளில் ஏரி நிறைந்தது. பயிர் பிழைத்தது. எனக்குப் பட்டுப் போர்த்தினார்கள்.”

“மதகுக்கு அணுக்கமான அந்த ஒருவர் யார்?”

“அப்படி எவரும் இல்லை, அம்மையே.”

அகப்பை நிற்கவில்லை. அடுத்த கலயம் வந்தது, நிறைந்தது, போயிற்று.

“பிறகு?”

“சித்திரையில் எங்கள் தூதர் காவூருக்குச் சென்றார். விருந்தில் அவருக்கு நாக்கு நிற்கவில்லை. ‘உங்கள் மதகின் அருகே எங்களுக்கு ஒரு கண் உண்டு’ என்று சொல்லிவிட்டார். கண் எதைக் கண்டது என்று சொல்லவில்லை. மறைவுச் செய்தியை வெளியிடக் கூடாது என்று முறை இருக்கிறதல்லவா.”

வரிசையில் நின்ற ஒரு பெண் முன்னே வந்தாள். இடுப்பில் கோழிக்கூடை. சேறு காயாத கால்கள்.

“ஐயா எங்கள் காவூர்க் குன்றனைப் பற்றியா பேசுகிறீர்கள்?”



“குன்றன் யார்?” என்று அம்மையார் அவளைக் கேட்டார்.

“மதகுக் கண்காணி, தாயே. மதகுக்கு அருகே அவர் ஒருவர்தானே குடியிருக்கிறார். தூதர் வந்து போன மறுநாளே பிடித்து அடைத்துவிட்டார்கள். எதைச் சொல்லிக் கொடுத்தார் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஆனாலும் சொல்லிக் கொடுத்தார் என்கிறார்கள். அவர் மனைவியிடம் இப்போது எவரும் மோர்கூட வாங்குவதில்லை. வரும் வெள்ளிக்கிழமை வலக்கையை வெட்டப்போகிறார்கள்.”

“மதகை அடைக்கும் செய்தியைச் சொல்லிக் கொடுத்தாராம்,” என்றார் அம்மையார்.

அந்தப் பெண் முதலில் விளங்காமல் நின்றாள். பிறகு சிரித்தாள்.

“அதையா? அதை மூன்று நாள் பறையறைந்தார்களே, தாயே. என் கோழிகளுக்கே மனப்பாடம்.”

வரிசை முழுதும் சிரித்தது. அவள் மட்டும் பாதியில் நிறுத்தினாள். ஆதிச்சனின் முகத்தைப் பார்த்தாள். அவன் தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“குன்றனைப் பிடித்த செய்தி உமக்கு எப்போது தெரியும்?” என்றார் அம்மையார்.

“இருபத்துமூன்று நாள் ஆகிறது. காவூர்ப் பலகையில் எழுதியிருந்தார்கள். என் ஆள் படித்து வந்தான்.”

“அந்த ஓலை எங்கே?”

“என் பெட்டியில்.”

“அவைக்குக் கொண்டுபோகவில்லையா?”

“ஊரறிந்த செய்தியை அவையோர்…”

அவன் அந்தச் சொற்றொடரை முடிக்கவில்லை.

அம்மையாரும் முடித்துக் கொடுக்கவில்லை. பானை பாதியாகியிருந்தது. உப்பைக் கிள்ளிப் போட்டுக் கிளறினார்.

“நான் காவூருக்குப் போய்ச் சொன்னால் நம்பமாட்டார்கள், அம்மையே,” என்றான் ஆதிச்சன். “இதை நான் எண்ணிப் பார்க்காமல் இல்லை. ‘அவன் என் ஆள் அல்லன்’ என்று செய்தித் தலைவன் வந்து சொன்னால், தன் ஆளைக் காப்பாற்ற வந்திருக்கிறான் என்றுதான் கொள்வார்கள். வெள்ளிக்கிழமைக்குப் பதில் அன்றே வெட்டிவிடுவார்கள்.”

“பலகையைப் படித்து எழுதிய முதல் ஓலையைக் காட்டும்.”

“எரித்துவிட்டேன். குழலில் இட்ட பிறகு அது இருக்கலாகாது அல்லவா.”

“யார் கண்டது, எந்நாள் கண்டது, எங்கே கண்டது. மூன்றையுமா?”

“மூன்றையும்.”

அவனுடைய காதுமடல் சிவந்தது.

“எழுதியவர் இருக்கிறாரா?”

“இருக்கிறான். சாத்தந்தை என்று பெயர். என் சாலையிலேயே மிகவும் திருத்தமானவன். அன்றிலிருந்து என் முகத்தை நேராகப் பார்ப்பதில்லை.”

“அவர் பலகையைப் படித்தபோது கண்டவர் உண்டா?”

“பலகைக் காவலன் கண்டான். நல்ல வெயில். எழுதி முடிக்கும் வரையில் அவனே குடை பிடித்தானாம்.”

“தன் குடையைத்தான்,” என்றாள் கோழிக்கூடைக்காரி. “அவன் எங்கள் சிற்றப்பா மகன். எல்லோருக்கும் பிடிப்பான். கேட்டால் சொல்வான்.”

“பறையறைந்தவர்?”

“அவரும் இருக்கிறார், தாயே. தொண்டை கட்டியிருக்கிறது. ஆனாலும் சொல்வார்.”

அம்மையார் ஆதிச்சனைப் பார்த்தார். அவன் வந்ததிலிருந்து முதன்முறையாக அகப்பை பானைக்குள் நின்றது.

“எழுதியவர் இருக்கிறார். குடை பிடித்தவர் இருக்கிறார். பறையறைந்தவர் இருக்கிறார். மறைந்திருப்பது எது?”

பின்னால் நின்றவர்கள் ஆதிச்சனைச் சுற்றிக்கொண்டு முன்னே வந்து கஞ்சி வாங்கிப் போனார்கள். அவன் அவர்களுக்கு இடம்விடவும் மறந்து நின்றான்.

“சொன்னால் என் சாலையை மூடிவிடுவார்கள்,” என்றான். “நாற்பது பேர்.”

அம்மையார் அடுத்த கலயத்தை நிறைத்தார்.

“மூடாவிட்டாலும், இனி நாங்கள் எதைச் சொன்னாலும் சிரிப்பார்கள்.”

அம்மையார் இன்னொரு கலயத்துக்குக் கை நீட்டினார்.

“அம்மையே, குன்றனுக்கு வலக்கைதான் எழுதும் கையா?”

இந்தக் கேள்வியை அவன் அம்மையாரிடம் கேட்டான். விடை கூடைக்காரியிடமிருந்து வந்தது.

“எழுதுவதும் அந்தக் கைதான். மதகுப் பலகையைத் தூக்குவதும் அந்தக் கைதான், ஐயா.”

ஆதிச்சன் தலைப்பாகையைக் கழற்றினான். அதில் முகத்தைத் துடைத்துக்கொண்டான். மீண்டும் கட்டவில்லை.

துறைக்குப் போய், அங்கே நின்ற தன் ஏவலனை அழைத்தான். “ஓடிப் போய்ச் சாத்தந்தையைப் பார். காவூருக்கு வரச் சொல். நான் கட்டளையிட்டதாகச் சொல்லாதே. நான் கேட்டுக்கொண்டதாகச் சொல்.”

பிறகு காவூர்ப் படகின் அருகே போனான். படகு நிறைந்திருந்தது.

“இடம் இருக்கிறதா?”

படகோட்டி அவனை மேலும் கீழும் பார்த்தான். “ஐயா யார்?”

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பினார்கள்.

“மணற்கோட்டைச் செய்திச் சாலைத் தலைவன் ஆதிச்சன். காவூர் அவையில் ஒரு பொய்யை ஒப்புக்கொள்ளப் போகிறேன்.”

கூடைக்காரி ஏறி ஒதுங்கி அமர்ந்தாள்.

“கோழிக்கூடையை மடியில் வைத்துக்கொள்வதானால் இடம் இருக்கிறது, ஐயா,” என்றாள்.

ஆதிச்சன் கூடையை வாங்கிக்கொண்டான்.