முகம் பார்க்கிறவர்கள்

சீனியம்மாளின் ஓவியங்களுக்கென்று அந்தச் சிற்றூரில் ஒரு காட்சிக்கூடம் இருந்தது. அதற்கு முன்பு அது மிளகாய் வத்தல் மூட்டைகளை அடுக்கிவைக்கும் கிட்டங்கி. வெள்ளையடித்து, விளக்குப் போட்டு, படங்களை மாட்டிய பிறகும் நெடி போகவில்லை. வெளியூர்ப் பத்திரிகைக்காரர் ஒருவர், படங்களின் முன்னால் நிற்பவர்கள் கண் கலங்குகிறார்கள் என்று எழுதினார். ஊரில் அதைப் படித்தவர்கள் சிரித்தார்கள். உள்ளே போனால் முதலில் தும்மல் வரும், பிறகு கண்ணில் நீர் வரும். அதற்குப் படம் வேண்டியதில்லை.

சீனியம்மாள் வரைந்த ஆட்கள் எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அவருடைய அம்மா அதே கிட்டங்கியில் வத்தலுக்குக் காம்பு கிள்ளியவர். பெண்கள் வெளிச்சத்துக்காக ஜன்னலைப் பார்த்து வரிசையாக உட்காருவார்கள். பின்னால் சாக்கின் மேல் கிடந்த குழந்தை அந்த முதுகுகளைப் பார்த்து வளர்ந்தது.

டெல்லியில் ஒரு பரிசு கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் சீனியம்மாள் ஓவியர் என்று ஊருக்குத் தெரிந்தது. அதுவரை அவரை வேறொன்றுக்காகத்தான் ஊர் பேசிக்கொண்டிருந்தது. அம்மா செத்தபோது, ஆண்பிள்ளை இல்லாத அந்த வீட்டிலிருந்து, யார் தடுத்தும் கேட்காமல் சுடுகாட்டுக்குப் போய்க் கொள்ளி வைத்த பெண் அவர்.

"ஏன்யா, இங்க எல்லாரும் கோவிச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க?" என்று சந்தைக்கு வந்த வழியில் எட்டிப் பார்ப்பவர்கள் கேட்பார்கள்.

"நீங்க செருப்பைக் கழட்டாம வந்துட்டீங்கல்ல, அதான்" என்பார் திருமேனி.

திருமேனி காட்சிக்கூடத்தைப் பார்த்துக்கொண்டவர். ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர். ஆறாம் வகுப்பில் சீனியம்மாளுக்குப் பாடம் எடுத்தவர். அந்தப் பெண் வரைந்து நீட்டிய படத்தைப் பார்த்து, "முகம் எங்கே? முகத்தைப் போடு" என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்தவர். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற கையோடு அவர் சீனியம்மாள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"எனக்குக் கத்துக்கொடுங்க."

"நீங்க எனக்கு சார்."

"அது ஸ்கூல்ல."

சீனியம்மாள் மூலையில் கிடந்த ஒரு வெற்றுச் சாக்கைக் காட்டி, அதை வரையச் சொன்னார். அன்று தொடங்கி திருமேனி அதைத்தான் வரைந்துகொண்டிருந்தார். அவர் சீனியம்மாளை 'அம்மா' என்றார். சீனியம்மாள் அவரை 'சார்' என்பதை விடவில்லை. யார் குரு, யார் சீடர் என்பதில் ஊருக்குக் கடைசிவரை தெளிவு ஏற்படவில்லை.

ஒருநாள் திருமேனி கேட்டார்.

"ஏன்மா முகமே போடறதில்ல?"

"வேலை நேரத்துல யாரு சார் திரும்புவா?"

திருமேனி மறுபடி சாக்குப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவருக்கு மத்தியானச் சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுவருவது மகள் செண்பகம். அப்பா சாப்பிட்டு முடிக்கும்வரை ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள். சீனியம்மாள் அவளை வரைந்தார். சடை, கழுத்தில் சங்கிலியின் கொக்கி, சற்றே தாழ்ந்த இடது தோள். அவ்வளவுதான் படம்.

"எனக்கு இவ்வளவு பெரிய முதுகா?" என்றாள் செண்பகம்.

"உங்கப்பா போடற சோறு" என்றார் சீனியம்மாள்.

அந்தக் கோடையில் அவள் பக்கத்து ஊர்ப் பட்டாசு ஆலை ஒன்றில் கணக்கு எழுதப் போனாள். ஆலை எரிந்தது.

படம் காட்சிக்கூடத்தின் கடைசிச் சுவரில் இருந்தது. அதைக் கழற்ற வேண்டுமா என்று திருமேனியிடம் யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. காலையில் எல்லாப் படங்களையும் போல அதன் சட்டத்தையும் துடைத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டமாக வந்தவர்களில் ஒருவன் அந்தப் படத்தின் முன்னால் நின்றான்.

"மூஞ்சி நல்லா இருந்தா காட்டியிருக்காதா?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். திருமேனி அவன் சட்டையைப் பிடித்து வாசல்வரை இழுத்துக்கொண்டு போனார். மற்றவர்களையும் வெளியே அனுப்பினார். கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். மறுநாள் கதவு திறக்கவில்லை. அதற்கு மறுநாளும் திறக்கவில்லை.

காட்சிக்கூடத்தை நடத்திய சங்கத்தின் செயலாளர் அய்யாத்துரை. வத்தல் வியாபாரி. அவர் சீனியம்மாளைத் தேடி வந்தார்.

"அக்கா, உங்க சிஷ்யர் உள்ள பூட்டிக்கிட்டு உக்காந்துட்டார். தட்டினா, இன்னைக்கு லீவுங்கறார். என்ன லீவுன்னா பதில் இல்ல."

"சாப்பிடறாரா?"

"ஜன்னல் வழியா டீ வாங்கிக்கறார். அக்கா, சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. அந்தப் படத்தைக் கழட்டி அவர்கிட்டயே குடுத்துருங்க. வீட்ல வச்சு அழட்டும். மனுசன் பாவந்தான், இல்லைங்கல. ஆனா கூடம் நடக்கணுமில்ல?"

சீனியம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டு அவருடன் நடந்தார்.

"நான்தான் சார்" என்று கதவின் வெளியே நின்று சொன்னார்.

தாழ்ப்பாள் விலகியது. சீனியம்மாள் நுழைந்ததும் அய்யாத்துரையும் காலை உள்ளே வைக்கப் பார்த்தார். திருமேனி அவருடைய மூக்குக்கு நேரே கதவைச் சாத்தினார்.

உள்ளே விளக்குப் போடவில்லை. ஓட்டில் பதித்த கண்ணாடி வழியாக வெளிச்சம் தரையில் ஒரு இடத்தில் மட்டும் விழுந்தது. கடைசிச் சுவருக்கு எதிரே பெஞ்சு இழுத்துப் போடப்பட்டிருந்தது. அதனடியில் டீ கிளாஸ்கள். சீனியம்மாள் பெஞ்சின் ஒரு முனையில் உட்கார்ந்தார். திருமேனி மறுமுனையில் உட்கார்ந்தார். முகம் மழிக்காமல் வெளுத்துப் போயிருந்தது.

"சாக்கு வரையறீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"சாக்கு எங்கயும் போகாது."

சீனியம்மாள் தும்மினார். திருமேனி துண்டை நீட்டினார்.

"படத்தை வீட்டுக்கு எடுத்துட்டுப் போறீங்களா சார்?"

"வீட்ல எதுக்கு? வீட்லதான் போட்டோ இருக்கே. மாலை போட்டு, செகப்பு பல்பு போட்டு வச்சிருக்கா அவங்கம்மா."

"அதுல முகம் இருக்குமே."

"அது ஸ்டூடியோக்காரன் சொன்னதைக் கேட்டுக்கிட்டிருக்கற முகம். நிமிரும்மான்னான், நிமிர்ந்தா. சிரிம்மான்னான், சிரிச்சா." திருமேனி சுவரைக் காட்டினார். "இதுதான் அவ. இந்தத் தோள் அவளோடது. சத்தம் கேட்டா திரும்பிருவா மாதிரி இருக்கு. செருமிப் பாத்தேன். கிளாஸைக் கீழ போட்டுப் பாத்தேன்."

சீனியம்மாள் அந்தத் தோளைப் பார்த்தார்.

"கூப்பிட்டும் பாத்தேன்" என்றார் திருமேனி.

"நான் என்ன செய்யணும்?"

"இன்னொரு படம் போடுங்கம்மா. முன்பக்கமா. முகத்தைப் போடுங்க."

"ஆறாம் வகுப்புலயும் இதைத்தான் சொன்னீங்க."

"அப்ப மார்க்குக்குச் சொன்னேன்."

"நீங்களே போட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தேன். மூக்கு வருது, கண்ணு வருது. எல்லாப் பிள்ளைகளுக்கும் போர்டுல போட்டுக் காட்டின அதே மூக்கு. அவ வரல."

"எனக்கும் வராது சார்."

"வராதா, போட மாட்டீங்களா?"

தரையில் விழுந்திருந்த வெளிச்சம் மங்கி, திரும்ப வந்தது. திருமேனி உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"ஆஸ்பத்திரியில காடாத் துணியில சுத்திக் குடுத்தாங்க. பிரிச்சுப் பாக்காதீங்கன்னாங்க. சரின்னேன். சுடுகாட்டுல கடைசியா ஒரு குரல் குடுப்பாங்கல்ல, முகம் பாக்குறவங்க பாத்துக்கோங்கன்னு? எத்தனை சாவுக்குப் போயிருக்கேன். யார் யாருக்கோ போய் எட்டிப் பாத்திருக்கேன். கூட வேலை பாத்தவன், ஸ்கூல் வாட்ச்மேன், பேர்கூட ஞாபகம் இல்லாதவங்க. எல்லாரையும் பாத்துட்டேன். அன்னைக்கும் கூப்பிடப் போறாங்கன்னு முன்னாடி போய் நின்னேன். அந்த ஆளு வாயைத் திறந்தாரு. துணியைப் பாத்தாரு. வாயை மூடிக்கிட்டாரு. தள்ளி நில்லுங்க சார்னாரு."

அவர் திரும்பி சீனியம்மாளைப் பார்த்தார்.

"ஒரே ஒரு தடவை திருப்பிக் காட்டு, சீனி."

பள்ளிக்கூடத்துக்குப் பிறகு அவர் அந்தப் பெயரைச் சொன்னதில்லை.

வெளியே அய்யாத்துரை கதவைத் தட்டினார். சங்கிலியையும் ஆட்டினார். "அக்கா! மதுரையிலேருந்து வேன்ல ஆளுங்க வந்து நிக்கறாங்க! நான் என்னன்னு சொல்ல?"

சீனியம்மாள் எழுந்து சுவரருகே போனார். படத்தின் மேல்சட்டத்தைப் பிடித்தார்.

"இதை இறக்குவோம். கால்மாட்டை நீங்க பிடிங்க."

"வீட்டுக்கு வேண்டாம்னு சொன்னேனே."

"பிடிங்க சார்."

திருமேனி கீழ்ச்சட்டத்தைப் பிடித்தார். படம் ஆணியிலிருந்து விலகியது. பின்னாலிருந்த பல்லி சுவரில் ஏறி ஓடியது. சுவரில் படம் இருந்த அளவுக்கு ஒரு வெள்ளை மிஞ்சியது. இரண்டு பேரும் அதைத் தூக்கிக்கொண்டு கூடத்தின் நடுவுக்கு வந்தார்கள். கதவு விடாமல் தட்டப்பட்டுக்கொண்டிருந்தது.

"தெற்கு இந்தப் பக்கம்தானே?"

"ஆமா."

"தலை அங்க வரட்டும்."

திருமேனி நின்றார். பிறகு சீனியம்மாள் திரும்பிய பக்கம் அவரும் நகர்ந்தார்.

"இப்பக் கவுத்தி வைங்க."

"பெயிண்ட் தரையில படும்மா."

"படட்டும். முதுகுதானே."

படத்தைக் கவிழ்த்துத் தரையில் வைத்தார்கள். செண்பகத்தின் முதுகு சிமெண்டில் படிந்தது. படத்தின் பின்பக்கம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான்கு மரச்சட்டங்கள், ஓரத்தில் துருப்பிடித்த ஆணிகள், நடுவில் இழுத்துக் கட்டிய துணி. சீனியம்மாள் எல்லாப் படங்களுக்கும் காடாத் துணிதான் கட்டுவார். அதுதான் மலிவு.

திருமேனி அந்தத் துணியைப் பார்த்தபடி ஓரடி பின்னால் போனார்.

சீனியம்மாள் தலைமாட்டில் போய் நின்றார். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார். கூட்டத்தின் கடைசி ஆள்வரை கேட்க வேண்டிய குரலில் சொன்னார்.

"முகம் பாக்குறவங்க பாத்துக்கோங்க!"

கதவைத் தட்டும் சத்தம் நின்றது.

திருமேனி நின்ற இடத்திலேயே நின்றார். சீனியம்மாள் இரண்டாவது முறை கூப்பிடவில்லை.

பிறகு திருமேனி செருப்பைக் கழற்றினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். முன்னால் வந்து, கால்மாட்டில் மண்டியிட்டு, இரண்டு கைகளையும் தரையில் ஊன்றிக் குனிந்தார்.

துணியில் பெயிண்டின் எண்ணெய் கசிந்து ஊறியிருந்தது. ஒரு தலையளவுக்கு மங்கலான மஞ்சள். அதற்குக் கீழே தோள்கள். தாழ்ந்த தோள் இப்போது மறுபக்கத்தில் இருந்தது, எதிரே இருக்கும் ஒருத்திக்கு இருக்க வேண்டிய பக்கத்தில். மஞ்சளுக்குள் நெற்றி இல்லை, கண் இல்லை. துணியின் இழைகள் மட்டும் குறுக்கும் நெடுக்குமாக ஓடின.

திருமேனி வெகுநேரம் பார்த்தார். ஒரு கையை எடுத்துத் தொடப் போனார். தொடவில்லை.

"ஒண்ணும் இல்லையேம்மா."

சீனியம்மாள் தலைமாட்டை விட்டு நகரவில்லை.

"எங்கம்மாவுக்குக் கூப்பிட்டாங்க சார். நானும் போய்க் குனிஞ்சு பாத்தேன்" என்றார். "இதுதான் இருந்துச்சு."