தாய்வீட்டு மீன்

வெகு காலத்துக்கு முன், மலையில் பிறந்து கடலில் சேரும் நெடுவாற்றின் கரையில் வல்லவேள் என்றொரு ராஜா இருந்தான். நல்லவன்தான், குறை சொல்லக் கூடாது. ஆனால் எதையும் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்கிற வழக்கம் மட்டும் அவனிடம் கிடையாது.

அவன் ராணி முத்தாரம், ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் பிறந்த மீனவர் மகள். அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. ஆற்றோரமாக மேற்கே பெண்ணைக் கட்டிக்கொடுத்தால், புதுவெள்ளத்தில் கடலிலிருந்து ஏறும் முதல் உல்ல மீன் கூட்டத்துக்கு அவள் வீட்டார் வலை போட மாட்டார்கள். "அக்கா வீட்டுக்குப் போ" என்று விட்டுவிடுவார்கள். அதுதான் தாய்வீட்டுச் சீர். அரண்மனைப் படித்துறைக்கு எதிரே உள்ள மணல்திட்டில் மீன்கள் முட்டையிடும். குஞ்சுகள் கடலுக்கு இறங்கி வந்தால், மகள் நன்றாக இருக்கிறாள் என்று தாய் தெரிந்துகொள்வாள்.

மீன் வரும் நாளில் முத்தாரம் இடுப்பளவு தண்ணீரில் நின்று அழுவாள். சந்தோஷ அழுகை. ராஜாவோ, கடலை நினைத்து ஏங்குகிறாள் பாவம் என்று எண்ணிக்கொண்டான். அவளுக்கு இங்கேயே ஒரு கடல் செய்து தருகிறேன் பார் என்று, ஊருக்குக் கீழே ஆற்றை மறித்துப் பெரிய கல்சுவர் எழுப்பினான். கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீர் நின்றது.

முதல் ஆண்டு மீன் வரவில்லை. வெள்ளம் பிந்தியிருக்கும் என்று காத்திருந்தாள். மறு ஆண்டும் வரவில்லை. தாய்வீட்டில் தம்பிக்கு என்ன கஷ்டமோ என்று காத்திருந்தாள். அதற்கடுத்த ஆண்டும் வரவில்லை. மறந்தே போய்விட்டார்கள் என்று அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆள் அனுப்பிக் கேட்டால் என்ன என்கிறீர்களா? நல்லா இருக்கே! சீரைக் கேட்டா வாங்குவது? மானம் போய்விடாதா?

அதற்குள் ராஜா செய்த கடலும் கெட்டது. தண்ணீரைத் தெளிய வைப்பவை மட்டி என்னும் ஆற்றுச் சிப்பிகள். மட்டிக் குஞ்சுகளோ மீனின் செவுளில் ஒட்டிக்கொண்டுதான் வளரும். மீன் வராததால் மட்டி அற்றது. மட்டி அற்றதால் தண்ணீர் பச்சை பிடித்து நாறியது. நாறியதால் நீர்நாய்கள் குட்டிகளைக் கவ்விக்கொண்டு வேறு ஆறு தேடிப் போயின.

இப்படியிருக்க, ஒரு வெள்ளக் காலத்தில், நடந்து நடந்து கால் வெடித்த ஒருவன் அரண்மனை வாசலில் வந்து நின்றான். ராணியின் தம்பி கடலன்! அக்காவைக் கண்டதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அக்கா! உசிரோடதான் இருக்கியா?"

"மறந்துட்டு இப்போ வந்து கேக்கிறியா, பாவி?"

"நானா மறந்தேன்? வருஷா வருஷம் வலையைச் சுருட்டி வச்சிட்டு அனுப்பினேனே! ஒரு குஞ்சுகூட இறங்கி வரலை. நீ செத்துப்போயிட்டேன்னு ஊரே சொல்லுது. அம்மா மட்டும் நம்பாம ஆத்து வாயிலேயே கிடக்கா. வா, உன் சீர் எங்கே கிடக்குன்னு காட்டுறேன்."

அரண்மனையிலிருந்து யாரும் எட்டிப் பார்த்திராத சுவரின் மறுபக்கத்து அடிக்கு அவளைக் கூட்டிப்போனான். ராஜாவும் பின்னாலேயே ஓடினான். அங்கே வயிறு நிறைய முட்டையோடு உல்ல மீன்கள் சுவரில் மோதின, விழுந்தன, மறுபடியும் மோதின. முத்தாரம் ஒன்றைக் கையில் ஏந்தினாள். அதன் மூக்கு கிழிந்திருந்தது.

"வந்துதான் இருக்கு. எல்லா வருஷமும் வந்துதான் இருக்கு" என்று கேவினாள்.

ராஜா அந்தக் கிழிந்த மூக்கைப் பார்த்தான். "உனக்காகத்தானே கட்டினேன், முத்தாரம்."

"தெரியும். எனக்காகவே இடிச்சிடுங்க."

கட்டியதை இடித்தால் ஊர் சிரிக்குமே என்றார் மந்திரி. சிரிக்கட்டும் என்று ராஜாவே கடப்பாரையை வாங்கி, சுவரின் மேலேறி முதல் கல்லைப் பெயர்த்தான்.

தண்ணீர் வடிந்தது. மணல்திட்டு தலை காட்டியது. மீன்கள் ஏறி வந்தன. முத்தாரம் இடுப்பளவு தண்ணீரில் நின்று அழுதாள். ராஜாவும் பக்கத்தில் இறங்கி, முதல் தடவையாக, "ஏன் அழுகிறாய்?" என்று கேட்டான். அவளும் சொன்னாள்.

வெள்ளம் வடிந்த காலத்தில், முகத்துவாரத்தில் காலை நனைத்து உட்கார்ந்திருந்த தாயின் பாதத்தைக் குட்டிக் குட்டி மீன்கள் வந்து கொத்தின. அவள் எழுந்து ஊரைப் பார்த்துக் கத்தினாள்: "என் மக செத்துட்டான்னு சொன்னீங்களே, வந்து பாருங்கடா!"

ஆகவே பிள்ளைகளே, ஆறு தண்ணீர் மட்டும் ஓடும் வழியல்ல, உயிர்கள் போய்வரும் வழி என்பதால் அன்பினால்கூட அதை அடைக்கக் கூடாது.