மெதுவாகப் பாட வந்த சூசைமாணிக்கம்

போஸா நோவா பாடுகிறவள் ஒருத்தியிடம், அவளைவிட இருபத்திரண்டு வயது பெரியவர் ஒருவர் சீடராக வந்து சேர்ந்தார்.

அவள் பெயர் ஃபிளாவியா. ராயபுரத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற பெண்கள் பள்ளியில் பாட்டு டீச்சர். போஸா நோவா என்பது பிரேசில் நாட்டுப் பாட்டு. ஒரு கிட்டார், ஒரு குரல். அந்தக் குரலும் பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம் பேசுகிற அளவுக்குத்தான். அதை அவள் தமிழில் பாடி நான்கு ரெக்கார்டு வெளியிட்டிருந்தாள்.

முதல் ரெக்கார்டில் அவளோடு ட்ரம்பெட், வயலின், டிரம்ஸ் எல்லாம் இருந்தன. அத்தனையையும் தாண்டிக் கேட்கவேண்டுமே என்று கத்தினாள். சொந்தக்காரர்கள் வாங்கினார்கள். இரண்டாவதற்குள் ட்ரம்பெட்காரர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. மூன்றாவதற்குள் டிரம்ஸ்காரருக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தது. இன்னும் இறங்கியது. நான்காவது, குழந்தை பிறந்த பிறகு செய்தது. கிட்டாரும் அவளும் மட்டும். திருச்சியிலிருந்து ஒருவர், இதில் பாட்டே இல்லை என்று எழுதி அதைத் திருப்பி அனுப்பினார். அதே வாரம் அவரே இன்னொரு கடிதம் போட்டார். பக்கத்து வீட்டு ரெக்கார்டை மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேட்டேன், என்னுடையதைத் திருப்பி அனுப்பவும்.

சீடரின் பெயர் சூசைமாணிக்கம். முப்பது வருடமாக மேடைப் பாடகர். மாதா கோயில் திருவிழா, மாரியம்மன் கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம், எதுவானாலும் பாடுவார். கரண்ட் போனாலும் கச்சேரி நிற்காது என்பதுதான் அவருடைய விளம்பரம். ஆனால் அத்தனை வருடத்தில் அவர் பாடிய ஒரு பாட்டுகூட ரெக்கார்டாக வரவில்லை. பாடிய இடத்திலேயே காற்றோடு போயிற்று.

இப்போதுதான் ஒரு கம்பெனி கூப்பிட்டிருந்தது. கம்பெனி என்றால் தீனதயாளன் என்கிற ஒரே ஆள். ஸ்டுடியோ அவருடையது, பதிவு செய்கிறவரும் அவரே. ஃபிளாவியாவின் நான்கு ரெக்கார்டும் அங்கேதான் ஆயின. எட்டுப் பேர் ஆளுக்கொரு போஸா நோவா பாடும் தொகுப்பு ஒன்றை அவர் போடுகிறார். அதில் ஒரு பாட்டு சூசைமாணிக்கத்துக்கு. இரண்டு தடவை பதிவுக்குப் போய், இரண்டு தடவையும் திரும்பி வந்திருந்தார். மூன்றாவது தடவையும் சரிவராவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்கிறேன் என்று தீனதயாளன் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை மத்தியானம், ஆறாம் வகுப்பு அறையில் சின்னப் பெஞ்சு ஒன்றில் முழங்காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு சூசைமாணிக்கம் இதையெல்லாம் சொன்னார்.

"ஏன் திருப்பி அனுப்பினார், அங்கிள்?"

"குரல் ஜாஸ்தியா இருக்குன்னார், டீச்சர். சரின்னு மைக்கை விட்டுத் தள்ளி நின்னேன்."

"எவ்வளவு தள்ளி?"

"முதல்ல ரெண்டடி. அப்புறம் கதவுகிட்ட. அப்புறம் கதவைத் திறந்து வராண்டாவில."

"வராண்டாவிலயா?"

"அங்கயும் ஜாஸ்தின்னார். ரெண்டாவது தடவை மாடிப்படியில நின்னு பாடினேன். கீழ் வீட்டுக்காரங்க ஏறி வந்துட்டாங்க."

மேடையில் முப்பது வருடமாக அப்படித்தான். மைக் அலறினால் பாடகர் ஒரு அடி பின்னால் போவார். குரலைக் குறைக்கலாம் என்பதை அவருக்கு யாரும் சொன்னதில்லை.

"பாடிக் காட்டுங்க."

பாடினார். இரண்டாவது வரியில் வாசலில் ஒரு சிறுமி வந்து நின்றாள்.

"டீச்சர், சேப்பல்ல சிஸ்டர் ஜெபம் பண்றாங்க. யாருக்காவது அடிபட்டிருந்தா டிங்க்சர் இருக்குன்னு சொல்லச் சொன்னாங்க."

"யாருக்கும் அடிபடலை."

சிறுமி சூசைமாணிக்கத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனாள்.

"மெதுவாப் பாடறது எப்படி, டீச்சர்?" என்று சூசைமாணிக்கம் கேட்டார். "எங்கேயிருந்து எடுக்கணும்? அடிவயிறா, நெஞ்சா, மூக்கா? சொல்லிட்டீங்கன்னா எடுத்துடுவேன்."

ஃபிளாவியா ஒரு சாக்பீஸை அவர் கையில் கொடுத்தாள்.

"போர்டில உங்க பேரை எழுதுங்க. சத்தம் வரக்கூடாது."

அவர் பெயரில் எழுத்து அதிகம். 'சூ' முடிவதற்குள் சாக்பீஸ் ஒரு தடவை கிறீச்சிட்டு, இரண்டாக உடைந்தது. 'மா'வில் மறுபடி உடைந்தது. கடைசி எழுத்தை நகத்தால் எழுதினார்.

"இதுக்கு என்ன அர்த்தம், டீச்சர்?"

"எனக்குத் தெரியாது. எனக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த சிஸ்டர் இப்படித்தான் ஆரம்பிச்சாங்க. எனக்கும் உடைஞ்சுது."

அடுத்த சனிக்கிழமை அவர் எலுமிச்சைச் சாறும் தேனும் குடித்துவிட்டு வந்தார். குரல் இன்னும் கணீரென்று இருந்தது.

"இன்னிக்குப் பாட வேண்டாம்" என்றாள் ஃபிளாவியா. "வெளியே யாருக்கும் தெரியக்கூடாத விஷயம் ஒண்ணு எனக்குச் சொல்லுங்க. சின்னதா இருந்தாப் போதும்."

சூசைமாணிக்கம் யோசித்தார். ஜன்னல் பக்கம் பார்த்தார். கதவைச் சாத்தினார். அவள் பக்கம் குனிந்து, கையை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"என் சம்சாரம் வைக்கிற மீன் குழம்பு எனக்குப் பிடிக்காது. இருபத்தாறு வருஷமா நல்லா இருக்குன்னு சொல்லிட்டிருக்கேன்."

ஜன்னலுக்கு வெளியே, கேட் பக்கத்திலிருந்து வாட்ச்மேன் ஏகாம்பரம் குரல் கொடுத்தார்.

"நம்ம வீட்லயும் அதே கதைதான் சார். நான் எனக்கு சாம்பார்தான் பிடிக்கும்னு சொல்லித் தப்பிச்சிட்டேன்."

ஏகாம்பரத்தின் தங்கை மீன் மார்க்கெட்டில் கூடை வைத்திருந்தாள். அன்று சாயங்காலமே விஷயம் சூசைமாணிக்கத்தின் மனைவி பிலோமினாவுக்குப் போய்விட்டது. மூன்று நாள் அவர் வீட்டில் ரசம்கூட இல்லை.

நான்காம் நாள் மெலிந்த முகத்தோடு வந்தார்.

"எனக்கு இது வராது, டீச்சர். என் குரல் பொறந்ததிலேர்ந்து அப்படி. ஞானஸ்நானத்தில நான் அழுததுக்கு ஃபாதர் தண்ணிக் கிண்ணத்தைக் கீழ போட்டுட்டாராம்."

"வெள்ளிக்கிழமை ரெக்கார்டிங். நான்தான் கிட்டார் வாசிக்கிறேன். பத்து மணிக்கு வந்துடுங்க."

"வந்து?"

"வாங்க."

வெள்ளிக்கிழமை அவர் ஒன்பதரைக்கே போய், வெள்ளைச் சட்டையோடு ஸ்டுடியோ நடுவில் நின்றார். அடி வாங்கப் போகிற மாணவன் நிற்பானே, அந்த மாதிரி.

ஃபிளாவியா பத்தேகாலுக்கு வந்தாள். முதுகில் கிட்டார். தோளில் ஏழு மாதக் குழந்தை. தூங்கிக்கொண்டிருந்தது.

"இது ஸ்டுடியோவா, கல்யாண மண்டபமா?" என்று கண்ணாடிக்குப் பின்னாலிருந்து தீனதயாளன் கேட்டார். "வாசல்ல தொட்டில் கட்டித் தரட்டுமா?"

"மாமியார் ஊருக்குப் போயிருக்காங்க சார். வேற ஆள் இல்லை."

கிட்டாரை உறையிலிருந்து எடுத்தாள். குழந்தையைப் பார்த்தாள். சூசைமாணிக்கத்தைப் பார்த்தாள்.

"பிடிங்க, அங்கிள்."

"நானா?"

"எனக்கு ரெண்டு கையும் வேணும். தீனா சாருக்கும் ரெண்டு கையும் வேணும். நீங்கதான் சும்மா இருக்கீங்க."

"நான் பாடணுமே."

"வாய்தானே பாடுது."

"என் பிள்ளைங்களையே நான் தூக்கினதில்லை, டீச்சர். தூக்கினா அழும்."

"தூக்கிட்டுப் பேசினீங்களா?"

"கொஞ்சினேன்."

"சரி. இவனைக் கொஞ்சாதீங்க."

குழந்தை கை மாறியது. சூசைமாணிக்கத்தின் தோளில் கன்னத்தை வைத்து, வெள்ளைச் சட்டையில் எச்சில் விட்டு, தூக்கத்தைத் தொடர்ந்தது. அவர் கட்டடத்தைத் தாங்குகிறவர்போல அசையாமல் நின்றார்.

"எழுந்துட்டா?" என்றார் மூச்சே இல்லாமல்.

"எழுந்துட்டா நிறுத்தவேண்டியதுதான்."

"மைக்கை விட்டு எவ்வளவு தள்ளி நிக்கணும்?"

"நாலு விரல்."

அவர் தன் கையைப் பார்த்தார். நாலு விரலையும் மைக்குக்கு முன்னால் பிடித்து அளந்து நின்றார். சிவப்பு விளக்கு எரிந்தது. ஃபிளாவியா வாசித்தாள். சூசைமாணிக்கம் பாடினார்.

அவருடைய முப்பது வருடத்தில் முதல் தடவையாகக் குரல் நாலு விரல் தூரத்தில் முடிந்தது. பாட்டு முழுக்க அவர் கண் குழந்தையின் இமை மேலேயே இருந்தது. முடித்தபோது நெற்றி வேர்வை மூக்கு வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. துடைக்கக் கை இல்லை.

தீனதயாளன் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, குரல் இறங்கிடுச்சு. நான் நம்பவே இல்லை. அடுத்த ஆளுக்கு போன்கூடப் பண்ணி வெச்சிருந்தேன்."

"அப்ப சரியா?" என்று உதடு மட்டும் அசைய சூசைமாணிக்கம் கேட்டார்.

"சரியில்லை. திருடன் வீட்டுக்குள்ள புகுந்து பாடற மாதிரி இருக்கு. கேக்கிறவன் பீரோவைப் போய்ப் பார்த்துட்டு வருவான். இன்னும் ஒரே ஒரு தடவை பார்க்கலாம். பதினொரு மணிக்கு அடுத்த பார்ட்டி வந்துடுவாங்க."

மணி பத்து ஐம்பது.

சூசைமாணிக்கம் பழக்கதோஷத்தில் ஒரு அடி பின்னால் போனார். அங்கே, நேற்று வந்த பார்ட்டி விட்டுப்போன டிரம்ஸ் இருந்தது. பெரிய பித்தளைத் தாளம் ஸ்டாண்டோடு சாய்ந்தது. சாய்ந்து, சின்னத் தாளத்தின் மேல் விழுந்தது. இரண்டும் சேர்ந்து தரையில் உருண்டன. தீனதயாளன் ஹெட்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டார்.

சூசைமாணிக்கம் கண்ணை மூடிக்கொண்டு அழுகைக்காகக் காத்திருந்தார்.

அழுகை வரவில்லை. ஒரு கண்ணைத் திறந்தார். குழந்தை உதட்டைச் சப்புக்கொட்டிவிட்டு, கன்னத்தை அந்தப் பக்கம் மாற்றி வைத்துத் தூங்கியது.

"இவன் எழுந்திரிக்கலையே."

"எழுந்திரிக்க மாட்டான்" என்றாள் ஃபிளாவியா. "எங்க வீட்டுக்குக் கீழ தகரப் பட்டறை. பொறந்த நாள்லேர்ந்து கேக்கறான்."

"முதல்லயே சொல்லியிருக்கலாமே டீச்சர். நான் இங்க உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு..."

"நீங்க கேக்கலையே."

"அப்ப நான் சத்தமாவே பாடலாம்."

"பாடலாம்."

"பாடக்கூடாது" என்றார் தீனதயாளன் உள்ளேயிருந்து.

சூசைமாணிக்கம் அவரைக் கவனிக்கவில்லை. அவருக்கு நிஜமாகவே கோபம் வந்திருந்தது.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. பட்டறைச் சத்தத்துக்கே எழாத பிள்ளை. இவனைப் பக்கத்தில போட்டுக்கிட்டுத்தானே அந்த நாலாவது ரெக்கார்டைப் பாடினீங்க? அதைக் கேக்க நான் கடிகாரத்தைக்கூட வெளியே கொண்டுபோய் வெச்சேன். எதுக்காக அவ்வளவு மெதுவாப் பாடினீங்க?"

ஃபிளாவியா ஒரு தந்தியை முறுக்கினாள். தட்டிப் பார்த்தாள். மறுபடி கொஞ்சம் தளர்த்தினாள்.

"சத்தமாப் பாடினா இவன் மூச்சு விடறது எனக்குக் கேக்காதே, அங்கிள்."

சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் வாசிக்க ஆரம்பித்தாள். அவர் பாட்டைத் தொடங்கவேண்டிய இடம் வந்தது, போயிற்று. மறுபடி வந்தது. தீனதயாளன் கண்ணாடிக்குப் பின்னால் கையை ஆட்டினார். சூசைமாணிக்கம் தலையைத் தோள் பக்கம் சாய்த்து நின்றுகொண்டிருந்தார். மூன்றாவது சுற்றில் பாடினார்.

பாட்டு முடிந்து கிட்டார் ஓய்ந்த பிறகும் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. தீனதயாளனுக்கு அதை அணைக்கத் தோன்றவில்லை.

பதினொரு மணிப் பார்ட்டி வந்து கதவைத் தட்டினார்கள். ஃபிளாவியா கிட்டாரை உறையில் போட்டாள். குழந்தைக்காகக் கையை நீட்டினாள்.

சூசைமாணிக்கம் சாய்த்த தலையை நிமிர்த்தவில்லை. கொடுக்கவும் இல்லை.